சோற்றுக்கு நடுவே நீ குடித்த தண்ணீர்

மச்சான், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இறக்கிவிட்டார்கள். தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் சேர்ந்த அந்த வாசம் கடைக்குள் வந்ததும், துணி வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வரும் முதல் நோன்பு இது.

கண்டி டவுனில் நாம் இருவரும் நடத்திய இந்தத் துணிக்கடையின் பின்னறையில்தான், உன் மனைவி, என் தங்கச்சி, கட்டித்தரும் பகல் சோற்றை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் உனக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. ஒரு வாய் சோறு, உடனே ஒரு மிடறு தண்ணீர். நானோ போனில் வரும் வைத்திய வீடியோ ஒன்றையும் விடாதவன். சும்மா இருப்பேனா?

"சோத்தோட தண்ணி குடிச்சா செமிக்காது மச்சான். வவுறு என்ன, வாளியா?"

"தொண்ட காஞ்சீக்கி. கொஞ்சம் தானே," என்று சிரித்தாய்.

நான் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கித் துணிச் சுருள்களுக்குப் பின்னால் ஒளித்தேன். நீ சண்டை பிடிக்கவில்லை. வாயில் போட்டதை மென்றுகொண்டே இருந்தாய், கண் கலங்கியது. கறியில் கொச்சிக்காய் உறைப்பு கூடிவிட்டது என்றாய். பிறகு பாதிச் சோற்றை மூடிவைத்துப் பசி இல்லை என்றாய். அதையும் என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன், மடையன்.

நோன்பு வந்தது. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை. நோன்பு திறக்கும்போது கோப்பை கோப்பையாகக் கஞ்சி குடித்தாய், சமோசாவைத் தொடவே இல்லை. "எண்ணெச் சாமான் வாணாம்" என்றாய். நான் வீட்டார் முன்னால் பெருமையடித்தேன்: "பாத்தீங்களா, தண்ணிய நிப்பாட்டினதும் இவன்ட வவுறு சரியாப் போச்சு!" நீயும் தலையாட்டினாய். கஞ்சி மட்டும்தான் உன் தொண்டையால் இறங்கியது என்று எனக்கு எங்கே தெரிந்தது?

பெருநாளன்று புரியாணியில் ஒரு வாய்கூட இறங்காமல் நீ எழுந்து ஓடிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உணவுக் குழாயில் கட்டி. நான் டொக்டரிடம் தண்ணீர்க் கதையைச் சொன்னேன்.

"சாப்பாட்டோட தண்ணி குடிச்சதால செமிபாடு ஒண்ணும் கெட்டுப்போகாது," என்றார். "ஒவ்வொரு வாய்க்கும் ஏன் தண்ணி தேவைப்பட்டதுன்னுதான் பாத்திருக்கணும். கொஞ்சம் முந்தி வந்திருந்தா..."

வெளியே வந்ததும் நீ என் தோளில் கை போட்டாய். "போத்தல் கதைய ஒன்ட தங்கச்சிக்குச் செல்லாத மச்சான். அவ ஒன்னோட பேச மாட்டா." உன் உயிர் ஊசலாடும்போதும் என் மானத்தைப் பார்த்தாயே!

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அவள் தன்னையே ஏசிக்கொள்கிறாள். "நான் தானே சமைச்சிக் குடுத்தேன், எனக்கே வெளங்கல்லயே நானா," என்று நேற்றும் அண்ணன் என்னிடம் அழுதாள். "ஒன்ட பெழ இல்ல," என்றேன். "அப்ப யார்ட பெழ?" என்று கேட்டாள்.

என்னை மன்னித்துக்கொள் மச்சான். உனக்குத் தந்த வாக்கை இன்று மீறப்போகிறேன். நோன்பு திறந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் என் முகத்தில் முழிக்காமல் போனாலும் சரி, தன்னை ஏசிக்கொள்வதை நிறுத்தட்டும்.