ஆமைக்கு மாட்டிய டீசல் எஞ்சின்

கண்ணம்மா,

இங்கே நாங்கள் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூக்கம் வந்து, சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் முதுகைப் பற்றித் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும், அது நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட கோபக்கார உறவுக்காரர் மாதிரி, நினைத்த நாளில் நன்றாக இருக்கிறது, நினைத்த நாளில் முறுக்கிக்கொள்கிறது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "அதெல்லாம் வேண்டாம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான்.

உன் காரை விற்றுவிடச் சொன்னாய் அல்லவா, விற்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டீர்கள், நீ தனியாக ஓர் அறை பார்த்துக் குடிபோய்விட்டாய் என்று சொன்ன அன்று, போனை வைத்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு "கெளம்பு" என்றார். எங்கே, எப்படி, எதில் என்று ஒன்றும் இல்லை. சட்டையை மாட்டியவர் செருப்பைப் போடக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் ஊருக்கு வருகிற ரயிலில் படுக்கை வசதி கிடையாது, விமானமானாலும் உட்கார்ந்தே வர வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறது அவருக்கு. டாக்டரம்மாவிடம் கேட்டோம். படுத்துக்கொண்டு போவதாக இருந்தால் உலகத்தைச் சுற்றிவாருங்கள், உட்கார்ந்து போவதாக இருந்தால் பக்கத்துத் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குத் திரும்பி வண்டிக்கொட்டகையைத் திறந்தபோது நம் பழைய கேம்பர் வேன் கண்ணில் பட்டது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, அலமாரி என்று வீட்டையே சுமந்துகொண்டு மெதுவாகப் போகிறது என்று சின்ன வயதில் நீதான் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தாய். படுக்கை இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஆனால் ஆமையின் எஞ்சின் மேட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். எங்களுக்கும் உனக்கும் நடுவில் ஒரு மலையே இருக்கிறது. பக்கத்தில் உன் கார் நின்றது. அதன் டீசல் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. நானும் பஸ் டிப்போவில் டீசல் எஞ்சின்களோடு குடித்தனம் நடத்தித்தான் பென்ஷன் வாங்கினேன். அன்று சாயங்காலமே உன் மாமாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

உன் மாமாவைப் பற்றித் தெரியாதா, என் கூடப்பிறந்தவன் என்று பெயர், அவசரத்தோடு கூடப்பிறந்தவன். கார், லாரி வயரிங் எல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் எதையும் முழுதாகக் கேட்க மாட்டான். உன் கார் எஞ்சினைச் சங்கிலியில் தூக்கிய அன்று அப்பா வெளியே வரவே இல்லை. நீ போனதிலிருந்து ஞாயிறுதோறும் அந்தக் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து வைத்தவர் அல்லவா. "அவ வந்தா எதை ஓட்டுவா?" என்று மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டார். மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தான், நான் அவன் காலை மிதித்தேன்.

வேலை சொன்ன மாதிரி சுலபமாக இல்லை. ஆமைக்கு எஞ்சின் பின்னால், உன் காருக்கு முன்னால். ஆமையின் கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம், ஆனால் இந்த எஞ்சினின் போல்ட் துளைக்கும் அந்தக் கியர்பாக்ஸின் போல்ட் துளைக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டுக்கும் நடுவில் வைக்கக் கனமான அலுமினியத் தகடு ஒன்று கடைய வேண்டியிருந்தது. லேத் பட்டறைக்காரர் நிதானமானவர், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு மாமா "ஆச்சா, ஆச்சா" என்று துளைத்து எடுத்ததில் முதல் தகட்டில் மையம் மயிரிழை தள்ளிப்போய்விட்டது. அப்படியே மாட்டலாம், ஓடும் என்றான் மாமா. ஓடும், மலையின் பாதி வரைக்கும் ஓடும், அதற்குப் பிறகு உள்ளே சுழலும் தண்டைத் தேய்த்துத் தின்றுவிடும், அங்கே வந்து நீ தள்ளுவாயா என்று கேட்டேன். இரண்டு நாள் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் அவனே புதுத் தகடோடு வந்து, பட்டறைக்குள் கால் வைக்கவே இல்லை, தெருமுனை டீக்கடையில்தான் காத்திருந்தேன் என்று பெருமையாகச் சொன்னான். பிறகு எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி தரையை உரசுகிற மாதிரித் தொங்கியது, அதை வெட்டிக் குட்டையாக்கிப் பற்றவைத்தோம். பழைய எஞ்சின் காற்றிலேயே ஆறுகிற ஜாதி, இதற்குத் தண்ணீர் வேண்டும். அதனால் ரேடியேட்டரை முன்பக்கம் வைத்து, அங்கிருந்து பின்னால் எஞ்சின் வரைக்கும் வண்டியின் அடியில் நீளமாக இரண்டு குழாய் ஓட்டினோம். எல்லாம் முடிந்து சாவியைத் திருகினால், ஒரு உறுமல் உறுமிவிட்டு அடங்கிவிட்டது. மறுபடி திருகினால் மறுபடி அதே. டீசல் வரவில்லை என்று மாமா குழாயையெல்லாம் கழற்றிப்போட்டான். கடைசியில் பார்த்தால் எஞ்சின் மேல் தப்பே இல்லை. உன் கார் சாவிக்குள் ஒரு சின்ன மின்னணுச் சில்லு இருக்கிறது, அதை அடையாளம் கண்டுகொள்கிற வளையம் ஒன்று ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது. எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்த புண்ணியவான் உன் மாமா அந்த வளையத்தைக் காரிலேயே விட்டுவிட்டான். எங்களைத் திருடர்கள் என்று நினைத்து எஞ்சின் தானாக அணைந்திருக்கிறது. வளையத்தை மாட்டியதும் பூனை மாதிரி ஓடியது. அப்போதுதான் அப்பா கொட்டகை வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு "அதே சத்தம்தான்" என்றார், உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய தலைவலி. ஊருக்கு வெளியே மேட்டுச் சாலையில் ஏற்றிப் பார்த்தால் பாதியிலேயே சூடு காட்டும் முள் மேலே மேலே போகிறது. சின்ன ரேடியேட்டர் வைத்துவிட்டாய் என்று மாமா என்னைச் சொல்ல, உன் விசிறி வயரிங்தான் சரியில்லை என்று நான் அவனைச் சொல்ல, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினோம், விசிறியை மாற்றினோம், முள் மட்டும் மாறவில்லை. எனக்கும் மனசு விட்டுப்போய்விட்டது, உன்னிடம்தான் சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது அப்பா தானும் வருவதாகச் சொன்னார். ஒரு நாளைக்காவது வெளியே வருகிறாரே என்று இடுப்புக்குப் பட்டை போட்டு, பின்படுக்கையில் படுக்கவைத்துக் கூட்டிப்போனோம். மேடு ஏறத் தொடங்கியதும் "வண்டிய நிறுத்து" என்று பின்னாலிருந்து சத்தம். முதுகு பிடித்துக்கொண்டது என்று பதறி ஓரமாக நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தால், மனிதர் படுக்கையிலிருந்து மெல்லச் சரிந்து, காதைத் தரைப்பலகையில் வைத்துக்கொண்டு கிடக்கிறார். "அடியில யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கு, கொழாயில காத்து அடைச்சிருக்கு, தண்ணி எப்படிப் போகும்?" என்றார். முப்பது வருஷம் ஊர்க் குடிநீர்க் குழாய்களோடு பேசியவர், அவருக்குக் கேட்டது முன்சீட்டில் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. காற்று மேலேதான் ஏறும், முன்பக்கத்தைத் தூக்கி, உச்சியில் ஒரு வழியைத் திறந்துவிடு என்றார். வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்து ஆமையின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கினோம். ரேடியேட்டரின் மேல் திருகைத் தளர்த்திக்கொண்டே நான் தண்ணீர் ஊற்ற, அது புஸ்ஸென்று இரைந்து, குமிழ் குமிழாகத் துப்பி, கடைசியில் குமிழே இல்லாமல் தண்ணீராக வழிந்தது. மறுநாள் மேட்டுச் சாலையை மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டோம். முள் பாதியிலேயே நின்றது. மாமா சந்தோஷத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான், எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி நின்றார்கள், கல்யாண வண்டி என்று நினைத்தார்களோ என்னவோ.

எஞ்சினை மாற்றியதற்கு அனுமதி வாங்கப் போனபோது, வாகன அலுவலகத்தில் வண்டி முதல் தடவை பாஸ் ஆகவில்லை. பரிசோதகர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். எல்லாவற்றையும் மாமாவிடமே கேட்டாள், அவன் ஒவ்வொன்றுக்கும் என்னைக் காட்டினான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "எஞ்சின் சரிம்மா, இந்த வேகத்துல எறங்கி வந்தா இந்த பிரேக் தாங்குமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஏறுவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான் இறங்குவதை நினைக்கவே இல்லை. பெரிய பிரேக் மாற்றிக்கொண்டு போனோம், முத்திரை குத்திக் கொடுத்தாள். நல்ல பெண்.

இதெல்லாம் முடிந்து, துணிமணி எடுத்து வைக்கிற நேரத்தில் அப்பா வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார முடியாது, படுத்துவிட்டார். "அவளே ஒத்த ரூம்ல இருக்கா, நான் போய் அவளுக்கு இன்னொரு பாரமா? இடுப்புல இந்தப் பட்டையும் கையில கம்புமா என்னைப் பாத்தா அவ மனசு என்ன ஆகும்?" என்றார். நான் கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மாமாவும் வந்து பேசினான், வந்த வேகத்திலேயே திரும்பிப்போனான். இவ்வளவு பாடுபட்டு வண்டியை நிறுத்திவைத்துவிட்டு, ஓட்டுகிறவள் ஒரு பக்கம் படுப்பவர் ஒரு பக்கமாகக் கிடந்தோம். போன வாரம் நீ போன் செய்தபோது நான் வேண்டுமென்றேதான் ஸ்பீக்கரில் போட்டேன். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று பேசிக்கொண்டே வந்த நீ, சமையல் மேடைக் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுகிறது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்று சொன்னாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். போனை வைத்ததும் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கம்பை ஊன்றிக்கொண்டு அப்பா தன் ஸ்பானர் பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "வாஷர்தான் போயிருக்கும். ஸ்டூல் போட்டு ஒக்காந்து செய்யுற வேலைதானே" என்றார். பெட்டியைத் தூக்கி ஆமைக்குள் வைத்தேன்.

இது உன் கைக்கு வந்து சேரும்போது நாங்கள் மலையைத் தாண்டியிருப்போம். திரும்பிப் போங்கள் என்று போன் செய்யாதே, ஓட்டும்போது நான் எடுக்க மாட்டேன், அப்பா எடுத்தாலும் காது கேட்காத மாதிரி நடிப்பார். உன் அறையில் இடம் இல்லையே என்று கவலைப்படாதே, எங்கள் வீடு எங்களோடு வருகிறது, வாசலில் நிறுத்த ஓர் இடம் போதும். கூரை உயரம், தாழ்வான கொட்டகையில் நுழையாது, கீழ்வீட்டுக்காரரிடம் திறந்தவெளியாக ஓரிடம் கேட்டு வை. நடந்தது என்ன என்று நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். நீ வேலைக்குப் போ, வா, எங்களை ஒரு ஓரமாக நினைத்துக்கொள். போர்வை எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கும் சேர்த்து.

தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் உன்னை அண்டாமல் இருக்கட்டும். நல்ல உடம்பும் நல்ல மனசும் எப்போதும் உன்னோடு இருக்கட்டும். மாமாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டு ஓடிவிட்டான். முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. அந்தக் குழாயை யாரையாவது கூப்பிட்டுச் சரிசெய்துவிடாதே. அடியில் ஒரு வாளி வை, நாங்கள் வரும் வரை சொட்டட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா