ஒற்றை ஆளுக்கு ஒரு பாக்கெட் பிரெட்

மார்ச் 4, செவ்வாய்

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது, இன்னும் தாண்டலை" என்றார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாமாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. அதற்குள் இறங்கினால் தப்பித்தேன். இல்லையென்றால் ஆயுசுக்கும் மாத்திரைதான்.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிரெட் என்றேன். ராத்திரிக்கு? பிரெட். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்ல யாரும் இல்லையா?"

மனைவி இருக்கிறாள், மகள் வீட்டில் இருக்கிறாள் என்றேன். பிரசவம் பார்க்க விமானம் ஏறிப் போனவள். பேரன் தவழ்ந்து, நடந்து, இப்போது கதவைத் திறக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வெள்ளை பிரெட்டை விட்டுவிட்டுக் கோதுமை பிரெட்டுக்கு மாறச் சொன்னார். அவ்வளவுதானே, மாறிவிட்டால் போகிறது.

அவளிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் போட்டது போட்டபடி வந்து நிற்பாள். நோயைக் காட்டியா பெண்டாட்டியை வரவழைப்பது? அவளாக வரட்டும். என்னைப் பார்க்கணும்னு தோணி வரட்டும்.

மார்ச் 5

பழுப்பு பிரெட் வாங்கினேன். பாக்கெட் முழுக்கக் கதிர் படம், சூரியன் படம். மிருதுவாக, லேசான தித்திப்போடு நன்றாகவே இருக்கிறது. இந்த டாக்டர்கள் சும்மா பயமுறுத்துகிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

அவள் போன். திரையில் பாதி முகம்தான் தெரிந்தது, பேரன் பிடித்து இழுக்கிறான்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. எனக்கென்ன குறை?"

"இவளுக்கு ஆபீஸ்ல வேலை கூடிப்போச்சுங்க. பிள்ளையப் பார்த்துக்க ஆள் கிடைக்கல. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்போல இருக்கு."

"இருந்துட்டு வா" என்றேன். போனை வைத்த பிறகு டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன படம் என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 23

ஒன்றுமில்லை. பிரெட், முட்டை, தூக்கம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைக்கு மானம் போனது. எழுதித்தான் ஆறவேண்டும்.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் படிக்கிற கண்ணாடி மாட்டிவிட்டேன். படித்துப் பார்க்கக் கொடுக்கும் பொடி எழுத்து அட்டையை யாரோ எங்கோ வைத்துவிட்டார்கள். கைக்கு அகப்பட்டது என் மதியச் சாப்பாட்டுப் பையில் இருந்த பிரெட் பாக்கெட். பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, "இதைப் படிங்க சார்" என்றேன்.

அவர் கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். "மைதா... சர்க்கரை... பாமாயில்... முழுக் கோதுமை மாவு, நாலு சதவீதம்... நிறத்துக்காகச் சேர்த்த கேரமல்..." முடித்துவிட்டு நிமிர்ந்தார். "கண்ணாடி பிரமாதங்க. எல்லாம் தெளிவாத் தெரியுது."

எனக்கும் தெரிந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கெல்லாம் படிக்கக் குடுக்குறீங்க. நீங்க படிக்க மாட்டீங்களா சார்?" ஒரு மாதமாகச் சாயம் பூசிய மைதாவைத் தின்றிருக்கிறேன். முப்பது வருஷமாகப் பொடி எழுத்தோடு குப்பை கொட்டுகிறவன், பாக்கெட்டின் நிறத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. அவள் இருந்தால் ஒரு வாரம் ஓட்டியிருப்பாள்.

ஏப்ரல் 9

பட்டறையில் லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியோடு சூப்பர் மார்க்கெட்டில் பிரெட் வரிசை முன்னால் நின்றேன். பார்க்கிறவர்கள் என்னை அதிகாரி என்று நினைத்திருப்பார்கள். 'பல தானியம்' என்று போட்டதில் தானியமெல்லாம் மேலே தூவியதோடு சரி. 'நார்ச்சத்து மிக்கது' என்றதில் இரண்டாவது பெயரே சர்க்கரை. எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடைசியில் தெருக்கோடி பேக்கரியில் ஒன்று கிடைத்தது. முழுக் கோதுமை, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் எண்ணெய். வேறெதுவும் கிடையாது. செங்கல் கனம். மென்று முடிப்பதற்குள் தாடை வலிக்கிறது. ஆனால் மத்தியானம் வரை பசிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பூசணம் பிடித்துவிட்டது. பாதி பாக்கெட்டுக்கு மேல் பச்சையாக. கெடாமலிருக்க இதில் எதுவும் போடுவதில்லை, மூன்று நாலு நாளில் தீர்த்துவிட வேண்டும் என்றார் பேக்கரிக்காரர். பாதி தருவீர்களா என்று கேட்டேன். "பாதியெல்லாம் குடுக்கறதில்லீங்க. வீட்ல ஆளுக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டா ஒரே நாள்ல காலி." ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு முழுசாக இன்னொன்று வாங்கி வந்தேன்.

நல்லதைச் செய்கிறவன் எல்லாம் வீட்டில் நாலு பேர் இருப்பதாக நினைத்தே செய்கிறான். ஒத்த ஆளு நல்லதைத் திங்கவே கூடாதா? யாரு மேல கோவம் எனக்கு? பிரெட் மேலயா? அவ மேலயா? தெரியல. கிடக்கு போ.

ராத்திரி அவள் பேசியபோது தலைவலி என்று சீக்கிரம் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

கல்லாப் பெண் சொன்னபடி துண்டுகளை ஃப்ரீசரில் அடுக்கிவிட்டேன். வேளைக்கு இரண்டு எடுத்துச் சுட்டுக்கொள்கிறேன். ஒன்றும் கெடவில்லை.

மே 11, ஞாயிறு

பேரனை விட ஒரு காப்பகம் கிடைத்திருக்கிறதாம். சொல்லிவிட்டு மெல்லக் கேட்டாள். "அப்ப... நான் வரட்டுமா?"

'வா' என்பது நாக்கு நுனி வரை வந்தது. வாயிலிருந்து வந்ததோ, "உன் வசதியைப் பார்த்துக்கோ. எனக்காக அவசரப்பட வேண்டாம்."

"சரிங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னேன்? என்ன கெட்டுவிடும், வா என்று சொன்னால்?

ஜூன் 5, வியாழன்

இறங்கிவிட்டது. டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். மாத்திரை வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார்.

தெருவில் நின்று யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. அவளைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமை என் போன் என்றதும் பதறிவிட்டாள். "என்னாச்சு?"

"நல்ல செய்திதான். சர்க்கரை குறைஞ்சிடுச்சு."

"யாருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு மாசமா சொல்லல" என்றாள்.

"சொன்னா வந்துடுவே."

"வந்தா என்ன?" குரல் உடைந்துவிட்டது. "வாரா வாரம் 'இருந்துட்டு வா, இருந்துட்டு வா'. நான் இல்லாதது உங்களுக்கு நிம்மதியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்."

நடைபாதையில் நின்றுகொண்டு சொன்னேன். வந்துடு. இங்க ஒண்ணுமே நல்லால்ல. வந்துடு.

ஜூன் 27

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். தூங்குகிறாள். எழுப்ப மனசில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பேக்கரிக்குக் கூட்டிப் போனேன். "நீ எடு பார்க்கலாம், படிச்சுப் பார்த்து எடு" என்று சவால் விட்டேன். பாக்கெட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். கிட்டக் கொண்டுவந்தாள். "ரொம்பப் பொடி எழுத்துங்க" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பேக்கரியின் பெயரை. விரல் பருமன் எழுத்து அது.

அங்கிருந்து நேராக எங்கள் கடைக்கு. நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். எத்தனை நாளாக என்றேன். பேரன் பிறந்து கொஞ்ச நாளிலிருந்தே தலைவலியாம், எழுத்து அலைகிறதாம்.

"மகள்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"அவளுக்கு இருக்கற வேலையில இது வேறயா?"

"என்கிட்ட?"

மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லணும்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நினைப்பேன். இதைக் கேட்டுட்டும் நீங்க 'இருந்துட்டு வா'ன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

அடுத்த லென்ஸை மாற்றி மாட்டி, இப்போது தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் தெரிகிறது என்றாள். இன்னொன்றை மாற்றினேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், இவள் கண்ணாடிக்கு லென்ஸைப் பட்டறையில் நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று.