ஒன்பதாவது முடிச்சு

கூரை ஒழுகுகிற இடத்தில் வைக்கப் பானை தேடி இன்று காலை பரணில் கைவிட்டேன். கயிறுதான் வந்தது. ஆளுயரத்துக்கு ஒன்றாக நீங்கள் போட்ட ஒன்பது முடிச்சும் அப்படியே இருக்கின்றன. முகர்ந்து பார்த்தேன், பாசி வாசம் போகவில்லை. எனக்கு அதிகம் எழுத வராது. ஆனாலும் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

லிங்கராஜபுரத்துக்குப் பின்னால் அந்தக் கல்குழியை வெட்டியவர்களில் நீங்களும் ஒருவர். ஊற்று கிளம்பித் தண்ணீர் நிறைந்ததும் வேலை நின்றது. யாரோ மீன்குஞ்சு விட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் தூண்டிலோடு நாம் இருவரும் அங்கே போவோம். "நான் குந்திக்கினு கஞ்சி குடிச்ச பாறை மேல இப்ப மீனு மேயுது பாரு" என்பீர்கள்.

சினை மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது உங்கள் கண்டிப்பு. ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்த மீன் திருப்பி விட்டாலும் உள்ளே போகாது. வயிறு உப்பி, கண் பிதுங்கி, மல்லாந்து மிதக்கும். பருந்து தூக்கிக்கொண்டு போகும். ஒருநாள் ஒரு மீனுக்கு வாய்க்கு வெளியே பலூன் மாதிரி ஏதோ தள்ளியிருந்தது. காற்றுதானே, இறங்கட்டும் என்று பாவப்பட்டு, சேலையில் இருந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டேன்.

"ஐயோ, அது அதோட இரைப்பைடி!" என்று கையைப் பிடித்தீர்கள். அதற்குள் ரத்தம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் குழம்பு வைக்கவில்லை.

கீழே இருந்தவரை நன்றாகத்தானே இருந்தது, கீழேயே கொண்டுபோய் விட்டால் என்ன என்று அந்த வாரமெல்லாம் யோசித்தேன். சிவாஜிநகரில் ஒரு மூங்கில் கூடை வாங்கினேன். விளிம்பில் கல் கட்டி, மீனின் மேல் கவிழ்த்து, கயிற்றில் மெல்ல இறக்கினோம்.

கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெயிண்டர் ஒருவர் சிரித்தார். "இன்னா மேஸ்திரி, மீனுக்குப் பல்லக்கா?"

"ஆமாம்பா, நீ ஒரு பக்கம் தூக்க வர்றியா?"

ஒன்பதாவது முடிச்சு கைக்கு வந்ததும், "கஞ்சிப் பாறை வந்துட்டுது" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து இழுத்தோம். கூடை காலி. மேலே எதுவும் மிதக்கவில்லை. பருந்து இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டது.

பிறகு கல்தூசி உங்கள் நெஞ்சைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் கண் பிதுங்கும். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், இங்கேயே இருக்கட்டும் என்றார் உங்கள் அண்ணன். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்தீர்கள்.

"ரொம்ப மேல இழுத்துட்டாங்கடி. கூடைய எறக்கு."

எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். கல்லறையில் எல்லோர் முன்னாலும் உங்கள் அண்ணன் கேட்டார்: "இன்னும் பத்து நாளு இருந்திருப்பான். இட்டாந்து சாவடிச்சிட்டியே!" அதற்கப்புறம் அவர் நம் வாசல் மிதிக்கவில்லை. நானும் எட்டு மாதமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு உங்களுக்குக் கூடையை இறக்கினேனா, ஊக்கால் குத்தினேனா?

மத்தியானம் மழை விட்டதும் கயிற்றையும் கூடையையும் எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன். அதே பெயிண்டர் இருந்தார். தலை நரைத்துவிட்டது. அவர் பக்கத்தில் ஒரு சினை மீன் உப்பிக் கிடந்தது. "பல்லக்கு வந்துச்சா, வாம்மா" என்று அவரே மீனை எடுத்துத் தண்ணீரில் பிடித்தார். நான் கூடையைக் கவிழ்த்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. முடிச்சு ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயிற்று. ஒன்பதாவதில் நிறுத்தினேன். இழுத்தபோது கூடை காலியாக வந்தது. அது பிழைத்ததா என்று யாருக்குத் தெரியும்? மிதக்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் கஞ்சி கேட்டீர்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு, சுவரோரமாகச் சாய்ந்து படுத்துத் தூங்கினீர்கள். படுத்துத் தூங்கினீர்கள். இதை உங்கள் அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. கயிறு காய்ந்ததும் நாளைக்குப் போய்ச் சொல்கிறேன்.