என் வலப்பக்கம் நின்றவர்கள்

தார்த்து,
மே மாதம், ஞாயிறு காலை

அன்பு ஆர்வி,

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உறையைப் பிரிக்கும்போதே யோசித்திருப்பாய். பதறாதே, நான் நலம். வீடும் நலம். நீ மாற்றிப் போட்ட கூரைத் தகரம் இந்த மழைக்குச் சொட்டுக்கூட ஒழுகவில்லை. நீ அனுப்பிய உப்பு மிட்டாயை யாருக்கும் கொடுக்க மனம் வராமல் நானே தின்று தீர்த்தேன். போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். நீ கடலுக்கு அந்தப் பக்கம் ஹெல்சின்கியில் ஏதோ கட்டடச் சாரத்தின் மேல் நின்றுகொண்டு "ம், சொல்லு" என்பாய், எனக்கு வார்த்தை வராது. எழுதுவதென்றால் அழுதுகொண்டே எழுதலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் எனக்குக் காய்ச்சல் வந்ததல்லவா, அது போகும்போது என் இடது காதையும் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் காலையில் எழுந்தேன், அந்தப் பக்கத்தில் உலகமே இல்லை. நரம்பு செத்துவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனை நான் எப்போதும் வலது காதில் வைப்பதால் உனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மறுநாளே கப்பல் ஏறியிருப்பாய், இல்லையென்றால் "பாட்டை விட்டுத் தொலை, உடம்பைப் பாரு" என்றிருப்பாய். இரண்டையுமே தாங்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

எங்கள் பாட்டுக் குழு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். புத்தம் புதுப் பாட்டுதான், எழுதியவர் உயிரோடு இருந்தால்தான் நாங்கள் தொடுவோம் என்று ஊரெல்லாம் கேலி செய்பவனே நீதான். "உங்க கச்சேரியைக் கேட்டா குளவிக்கூட்டைக் கலைச்ச மாதிரி இருக்கு" என்று நீ சொன்னதை, குழுவை நடத்தும் ஹெய்கியிடம் நான் ஒருமுறை போட்டுக் கொடுத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "உன் புருஷனுக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஹெய்கிக்குச் சிரிப்பு கிடையாது. பக்கத்து ஆள் வேறு சுரம் பாடும்போது தன் சுரத்தைப் பிடித்து நிற்க முடியாதவருக்குக் குழுவில் இடமில்லை. நம் வைகேயைப் போன வருஷம் அப்படித்தான் அனுப்பினார்கள். காபி இடைவேளையில் மேஜைமேல் விசேஷத்துக்குச் சுடும் இனிப்புக் கிரிங்கல் ரொட்டி, பூங்கொத்து, ஆளாளுக்கு ஒரு அணைப்பு. மரியாதைக்குக் குறைவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கள் கச்சேரிப் பக்கமே தலைகாட்டவில்லை. அடுத்தது நான்தான் என்று ஜனவரியிலிருந்து உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். நீ அங்கே இருக்கிறாய், இங்கே எனக்கு இருப்பது இந்தக் குழு ஒன்றுதான், ஆர்வி. அதுவும் போனால் மாலை நேரத்தில் சுவரோடுதான் பேச வேண்டும்.

அதனால் தந்திரம் செய்தேன். ஜன்னல் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, வரிசையின் இடது ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டேன். செத்த காதுக்கு வெறும் சுவர், நல்ல காதுக்குக் குழு. கொஞ்ச நாள் வண்டி ஓடியது.

இந்த வருஷத்துப் புதுப் பாட்டு ட்ரீனு என்ற சின்னப் பெண் எங்களுக்கென்றே எழுதியது. அதில் யாருக்கும் மெட்டு கிடையாது. எல்லோரும் ஒரே சுரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆளுக்கொரு சுரத்துக்கு விலகிப் போக வேண்டும். பிடித்துக்கொள்ள வாத்தியமும் இல்லை. இடப்பக்கத்து ஆளையும் வலப்பக்கத்து ஆளையும் கேட்டு, நடுவில் நம் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கென்று ஹெய்கி ஆண் குரல் பெண் குரல் எல்லாவற்றையும் கலந்து நிறுத்தினார். என்னைத் தூக்கி நடுவில் போட்டு, இடப்பக்கம் ஓலெவை நிறுத்திவிட்டார். கொட்டகைக் கதவு மாதிரி உடம்பு, அடித்தொண்டைக் குரல், மாட்டு டாக்டர் வேலை. அவ்வளவு பெரிய மனிதன் பாடுவது எனக்கு நூல் அளவும் கேட்கவில்லை.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினேன். வலப்பக்கத்தில் நின்றவளையும் கூடவே இழுத்துக்கொண்டு போனேன். கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹெய்கி கையைக் கீழே போட்டார், என்னைப் பார்த்தார், திட்டவில்லை. "காபி குடிக்கலாம்" என்றார். அவர் திட்டாமல் விட்டால் அது நல்ல சகுனமா?

காபி அறைக்குள் நுழைந்தால், மேஜைமேல் பெரிய கிரிங்கல் ரொட்டி. ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைக்கிறது. பக்கத்தில் சிவப்பு டூலிப் பூங்கொத்து. அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் நானே முந்திக்கொண்டேன். "வைகேக்குச் செஞ்ச மரியாதையை எனக்கும் செய்றீங்க, ரொம்ப சந்தோஷம். யாரும் சங்கடப்பட வேண்டாம், நானே போயிடறேன். எனக்கு இடது காது செத்துப்போச்சு. இத்தனை வருஷம் என்னைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டதுக்கு நன்றி" என்று அழுகையும் மூக்குச் சளியுமாகப் பேசி முடித்தேன்.

ஓலெவ் ரொட்டி வெட்டும் கத்தியோடு அப்படியே நின்றான். "ஹெல்வே, இது என் பொறந்தநாள் ரொட்டிம்மா. நீ போறதுன்னா போ, ஒரு துண்டு தின்னுட்டுப் போ" என்றான்.

ஐயோ, எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் ஓலெவ் சொன்னான்: "உன் காது சங்கதி எனக்கு எப்பவோ தெரியும். இடப்பக்கம் நின்னு நான் விட்ட ஜோக்குக்கு ஒரு தடவைகூட நீ சிரிக்கல. என் ஜோக்குக்கு மாடே சிரிக்கும்." பார்த்தால் குழுவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. "எத்தனை நாளைக்குத்தான் ஜன்னல் குளிரைச் சொல்லுவ? நடுவுல நிறுத்தினாலாவது நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார் ஹெய்கி. அப்படியானால் உங்கள் விதி என்ன ஆவது என்று கேட்டேன். "சுரத்தைப் பிடிக்க முடியாதவங்களைத்தான் அனுப்புவேன். உன்னைக் கேக்க முடியாத இடத்துல நிறுத்தினது நான்" என்று சொல்லிவிட்டு, வரிசையை மாற்றி எழுத ட்ரீனுவிடம் பென்சில் கேட்டார்.

என்னை மறுபடி இடது ஓரத்துக்கு அனுப்பி, ஓலெவை எனக்கு வலப்பக்கம் கொண்டுவந்தார்கள். கேட்க எளிது. ஆனால் ஓலெவ் நகர்ந்தால் அவனைக் கேட்டுப் பாடியவருக்கு ஆள் மாற வேண்டும், அவர் நகர்ந்தால் அடுத்தவருக்கு. கடைசியில் குழு மொத்தத்துக்கும் பக்கத்து ஆள் மாறிப்போனது. உன் தொழிலில் சொன்னால், ஒரு கல்லுக்காகப் பாதி எழும்பிய சுவரைப் பிரித்து மறுபடி அடுக்கியது. அன்றைக்கு எல்லோருமே என்னைப்போலத் தடுமாறினார்கள். இருந்தும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வாரம் முழுக்க வேலை முடிந்து நேராக வந்து, கருப்பு ரொட்டியும் மீனும் நின்றபடியே தின்றுவிட்டுப் பாடினார்கள்.

நேற்று யோவான் தேவாலயத்தில் கச்சேரி. வைகேயை நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வந்தாள். முன்வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கடைசிவரை இருந்தாள். நான் வழக்கமாகத் தவறும் இடம் வந்தது. இடப்பக்கம் எனக்கு ஒன்றுமே இல்லை, செங்கல் சுவர்தான். வலப்பக்கம் ஓலெவ் தரையே அதிர்கிற மாதிரி தன் சுரத்தில் நின்றான். அதைப் பிடித்து என் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், அசையவில்லை. பாட்டு முடிந்து மக்கள் கைதட்டும்போது எனக்குக் கண்ணே தெரியவில்லை. இந்த மனிதர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன், சொல்.

இனி உன்னிடம் ஒன்று. ஈஸ்டருக்கு வந்தபோது துறைமுகத்திலிருந்து நீதான் வண்டி ஓட்டினாய். நம் வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம், நீ ஓட்டினால் என் இடப்பக்கம்தானே இருக்கிறாய்? போல்ட்சமா ஊரைத் தாண்டி நான் வயலில் நின்ற நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது உன் முகம் மாறியிருந்தது. என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றாய். வீடு வரைக்கும் பேச்சில்லை, அந்த முறை ஒருநாள் முன்னதாகவே கப்பலும் ஏறிவிட்டாய். நீ ஏதோ கேட்டிருக்கிறாய், நான் பதில் சொல்ல விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாய். இத்தனை நாளும் அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமில்லை. ஆர்வி, எனக்குக் கேட்கவே இல்லை.

சாரத்தில் பார்த்து ஏறி இறங்கு. கடல் அமைதியாக இருந்து உன்னைக் கரை சேர்க்கட்டும். வெள்ளிக்கிழமை நீ வந்து இறங்கும்போது துறைமுகத்தில் நிற்பேன். சாவியைக் கேட்காதே, நான்தான் ஓட்டப்போகிறேன். நீ என் வலப்பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்டதை மறுபடி கேள்.

உன்,
ஹெல்வே