தட்டு என் கையிலிருந்துதான் போகும்

என் என்னங்கவுக்கு,

இப்படித் தொடங்கும் கடிதத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என்ன செய்ய, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அடுப்படியிலிருந்து "என்னங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் வந்து நிற்பீர்கள். இப்போது எத்தனை குரல் கொடுத்தாலும் வருவதில்லை என்பதால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். உங்களைத் திட்டுகிற இடமும் இதில் வரும். அதையும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் பெண் யாழினி கல்லூரியில் இரண்டாம் வருஷம் போகிறாள். உங்களைப் போலவே ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். நம் உறையூர் வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றீர்களே, எந்த ஞாயிறு என்று சொல்லாமல் போய்விட்டீர்கள். பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்ட் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மனை வாங்கிப் போடச் சொல்லி நீங்கள் தொண்டை வறளப் பேசியபோது சிரித்தவர்கள், "பாலு அப்பவே சொன்னாருங்க" என்று என்னிடம் வந்து பெருமூச்சு விடுகிறார்கள். சொன்ன வாயோடு நாமும் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் வீடு முடித்துக் கொடுத்த புரோக்கர் பெண்டாட்டி இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள்.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறினீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் போன் மட்டும் என்னோடு திரும்பி வந்தது. காரியம் முடிகிற வரைக்கும்கூட அது ஓயவில்லை. "பாலு அண்ணனா? திருவானைக்கோவில்ல ஒரு வீடு சொன்னீங்களே, இருக்கா?" "அவர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. ஒரு நாள், என்ன நினைத்தேனோ, "இருக்குங்க, எப்ப பாக்க வரீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

எந்த வீடு என்றே எனக்குத் தெரியாது! ஒரு துண்டுச் சீட்டில்கூட எதையும் குறித்து வைத்தவரா நீங்கள்? யார் விற்கிறார்கள், யாருக்கு என்ன அவசரம், எந்த வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு, எல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது, தலையோடு போய்விட்டது. திருவானைக்கோவிலில் தெருத் தெருவாக நடந்தேன். இஸ்திரிக் கடையிலும் டீக்கடையிலும் விசாரித்து அந்த வீட்டைப் பிடித்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே நடந்ததில் வெயில்கூடத் தெரியவில்லை.

முதல் முதலாக வீடு காட்டிய கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பூட்டிக் கிடந்த வீடு, ஒரே தூசி. வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று முன்கூட்டியே போய்ப் பெருக்கி, வாசல் தெளித்து, கோலமும் போட்டு வைத்தேன். வந்தவர் என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "வீட்டுக்காரம்மா, விலையக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். "நான் வீட்டுக்காரம்மா இல்லீங்க, புரோக்கர்" என்றேன். கையைக் கீழே இறக்கிவிட்டார். "பொம்பளை புரோக்கரா? கூட ஆம்பளை யாரும் வரலையா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் துடைப்பம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கோலம் போடுவதில்லை. மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டேன். பத்திர ஆபீஸ் வாசலில் நின்று வில்லங்கம் போட்டுப் பார்க்கக் கற்றேன். பட்டா ஒரு பெயரிலும் பத்திரம் ஒரு பெயரிலும் இருந்தால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கற்றேன். "பிடிச்சிருக்கா?" என்று கேட்கவே கூடாது என்று கற்றேன். வீட்டுக்கு வருகிற பெண் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தால் பாதி முடிந்த மாதிரி. வாசல்படியிலேயே நின்று செருப்பைக் கழற்ற யோசித்தால் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான். ஆடி மாதத்தில் யார் வீடு பார்க்க வருவார்கள் என்று நீங்கள் படுத்துத் தூங்குவீர்கள். நான் ஆடியில்தான் ஊர் முழுக்க அலைந்து வீடுகளைப் பேசி வைக்கிறேன். ஆவணி பிறந்ததும் மற்றவர்கள் விசாரிக்கத் தொடங்கும்போது என்னிடம் சாவி இருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்றில் மட்டும் என்னை நிறுத்தினார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கிற நாளைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததா? படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல நேரம் பார்த்து இரண்டு தரப்பும் உட்காருவார்கள். வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தாம்பாளத்தில் வைத்து, வாங்குகிறவர் கையில் புரோக்கர் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கிற கை ராசியான கையாக இருக்க வேண்டும். உங்கள் கையைத்தான் ஊரே அப்படிச் சொல்லும். பாலு தட்டை நீட்டினால் குடிபோன வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள்.

புருஷனைப் பறிகொடுத்தவள் கை அந்தத் தட்டைத் தொடலாமா? உங்களோடு சுற்றிய குமரேசன்தான் ஒரு வழி சொன்னான். "அண்ணி, நீங்க காட்டுங்க, பேசுங்க, முடிங்க. தட்டை மட்டும் நான் எடுத்துக் குடுத்துடறேன். எதுக்கு நாலு பேர் வாயில விழணும்?" அதற்கும் முன்னால் இன்னொரு யோசனை வைத்திருந்தான். "அண்ணன் துபாய்ல இருக்காருன்னு சொல்லிடலாமா அண்ணி?" பாஸ்போர்ட்கூட எடுக்காத மனுஷனை, செத்த பிறகு துபாய்க்கு அனுப்பப் பார்த்தான். சிரித்துவிட்டேன். ஆனால் தட்டு விஷயத்துக்குத் தலையாட்டினேன். அப்போது எனக்கு வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை நடந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கூடத்தில் குமரேசன் தட்டோடு நிற்பான். நான் அடுப்படிப் பக்கம் நின்று பால் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். பிறகு ஒரு நாள் தில்லை நகரில், நான் வெயிலில் அலைந்து முடித்துக் கொடுத்த வீட்டம்மா, தன் தங்கைக்கும் வீடு வேண்டும் என்று குமரேசனுக்குப் போன் செய்திருக்கிறார். கேட்டதற்கு, "அவருக்குத்தாங்க நல்ல கைராசி" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தொழிலில் தட்டை நீட்டுகிறவர்தான் புரோக்கர். அவருக்குத்தான் பெயர், அடுத்த போனும் அவருக்குத்தான். இப்படியே போனால் இன்னும் கொஞ்ச நாளில் நான் வீடு பெருக்குகிறவளாகத்தான் இருப்பேன். உங்கள் போன் என் கையில் ஊமையாகிவிடும்.

அதனால்தான் ஸ்ரீரங்கத்தில் அன்றைக்கு அப்படிச் செய்தேன். வீம்பு என்கிறார்கள். வீம்புதான், இருக்கட்டுமே.

உத்தர வீதிக்குப் பக்கத்தில் ஜெயா மாமியின் ஃபிளாட். மாமி பெங்களூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார். வாங்க வந்தது முசிறியில் வாழை வைத்திருக்கும் செந்தில். வீடு அவர் அம்மா அங்கம்மாளுக்கு. கடைசிக் காலத்தில் தினமும் பெருமாளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் கோபுரத்தைக் காட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே வந்து, நான் சொல்லாமலே, அடுப்படிக் குழாயைத் திறந்து பார்த்தார்.

அட்வான்ஸ் நாளில் குமரேசன் தட்டை எடுக்கக் குனிவதற்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன். கூடத்தின் நடுவில் வந்து நின்றேன். அங்கம்மாள் மகனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு தம்பி. அந்தப் பொண்ணு கையால வேண்டாம். குமரேசன் தம்பி குடுக்கட்டும்."

"வீடு காட்டினது நாந்தாங்கம்மா. நானே குடுக்கிறேன்."

"நானும் அறுத்தவதான், எனக்குத் தெரியாதா? என் மவன் கல்யாணத்துக்கே நான் முன்னால வரல. தூணுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ சின்னப் பொண்ணு, நடுக்கூடத்துல தட்டோட வந்து நிக்கிறியே."

"யாரும்மா உங்களத் தூணுக்குப் பின்னால நிக்கச் சொன்னது?"

அந்த அம்மா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "யாரும் சொல்லல. நானாத்தான் நின்னேன்."

"என்னையும் யாரும் முன்னால நிக்கச் சொல்லலங்கம்மா. நானாத்தான் நிக்கிறேன். வீடு உங்களுக்குத்தானே? எந்திரிச்சு வந்து நீங்க வாங்குங்க. உங்க பையன் கையில தரமாட்டேன், உங்க கையிலதான் தருவேன்."

குமரேசன் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. அங்கம்மாள் தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். தட்டை அவர் பக்கம் நீட்டினேன். ஆனால் அவர் என்னைத் தாண்டி வெளியே போய் காரில் உட்கார்ந்துகொண்டார். செந்தில் ஒன்றும் சொல்லத் தெரியாமல் பின்னாலேயே போய்விட்டார்.

"உங்க வீம்புக்கு ஒரு வீடு போச்சு அண்ணி" என்றான் குமரேசன். மாமிதான் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "போறா, விடுங்கோ. இந்த ஃபிளாட் எங்கேயும் ஓடிப்போகாது. உக்காருங்கோ, ஒரு வாய் காபி சாப்பிடுங்கோ" என்றார். காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டேன். பயம் இல்லை, கோபம்.

அந்தக் கோபம் யார் மேல் என்று காவிரிப் பாலத்தில் வரும்போதுதான் தெரிந்தது. உங்கள் மேல்தான்.

எதிர்வீட்டுக் கமலா அக்காவை நினைத்துக்கொண்டேன். அவரும் புருஷனைப் பறிகொடுத்தவர். அட்வான்ஸ் நாளில் சலவைச் சட்டை போட்டு வண்டியை எடுப்பீர்கள். அக்கா எதிரே வந்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பக் கிளம்புவீர்கள். நீங்கள் நல்ல மனுஷன்தான். அவர் மகனுக்கு வேலைக்கு அலைந்தீர்கள், அவர் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் எதிரே வந்தால் உட்கார்ந்தீர்கள். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அக்காவாகவே கண்டுகொண்டு, உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் வெளியே வருவதையே விட்டுவிட்டார்.

ஊர் கொண்டாடிய அந்தக் கைராசியைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தீர்களா? இப்போது நீங்கள் சலவைச் சட்டையோடு வண்டியை எடுக்கிறீர்கள், எதிரே நான் வருகிறேன் என்று வையுங்கள். என்ன செய்வீர்கள்? இறங்கி உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பீர்களா? "நான் உயிரோடு இருந்தால் நீ எப்படி அப்படி ஆவாய்?" என்று கேட்பீர்கள். அந்தப் புரோக்கர் பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம். நானும் இப்போது புரோக்கர்தான். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

நேற்று மத்தியானம் உங்கள் போன் அடித்தது. "முசிறியிலேர்ந்து அங்கம்மா பேசறேன். அந்த வீடு வித்துப்போச்சா?"

"இல்லீங்கம்மா."

பம்ப்செட் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "என் கையிலதான் தருவேன்னியே. அது அப்படியேதான் இருக்கா, இல்ல மனசு மாறிட்டியா?"

"அப்படியேதான் இருக்குங்கம்மா."

"அப்ப நாளைக்கு வரேன். எனக்கு இதெல்லாம் வாங்கிப் பழக்கமில்ல பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். போனை வைத்த பிறகு நான் அழுதேன். உங்கள் காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை.

இன்று அந்த நாள். உங்கள் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தட்டு என் கையிலிருந்துதான் போகும். அதோடு இன்னொன்றும் செய்திருக்கிறேன். சற்று முன்னால் எதிர்வீட்டுக்குப் போய், "அக்கா, நான் வண்டியை எடுக்கும்போது நீங்க எனக்கு எதிர்ல நடந்து வரணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா பயந்துவிட்டார். "வேணாம்டி சித்ரா, நல்ல காரியத்துக்குப் போற" என்று கதவைச் சாத்தப் பார்த்தார். "நீங்க வர வரைக்கும் வண்டி கிளம்பாதுக்கா" என்று சொல்லியிருக்கிறேன்.

இதோ கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் எந்த நல்ல நாளில் இந்த வண்டி கிளம்பினாலும் அக்கா எதிரே வருவார். நானும் உங்களைப் போலவே வண்டியை நிறுத்துவேன். "போயிட்டு வரேங்க்கா" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் போவேன்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்காமல் கிளம்பும்,
உங்கள் மனைவி,
சித்ரா