பித்ரா அரிசி வாங்க ஆளில்லாத பெருநாள்

ஏற்காடு,
பெருநாள் கழிந்த மூன்றாம் நாள்.

அன்பு மகள் சுமையாவுக்கு, அத்தா ஷேக் தாவூத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே மேலேயும், உன் தம்பி இர்பான் கீழே சேலத்திலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளை அஜ்மலும் பேத்தி ஷிரினும் அதே போல இருக்க துஆ செய்கிறேன். பெருநாளன்று நீ அனுப்பிய வீடியோவை அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். பிரியாணி கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது, கேட்டால் வெளிச்சம் அப்படி என்பாய், இருக்கட்டும். ஷிரினுக்குச் சளி விடவில்லை என்றாயே, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் குளிப்பாட்டின கையோடு அவளை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. இங்கே ஒரு மழை பெய்து எஸ்டேட் முழுக்கக் காப்பிப் பூ பூத்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகவில்லை.

தினமும் முகம் பார்த்துப் பேசுகிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் காதில் விழக்கூடாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் இருந்து பார்த்தேன், சோறு இறங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது கண்ணு. இந்த வயதில் பெற்ற மகளுக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுத வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

நோன்பு நடுவில், கோடை சீசன் வேலைகளைப் பேச வியாபாரிகளையெல்லாம் ஊராட்சி ஆபீசில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வந்திருக்கும் அதிகாரி ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். குப்பை, பார்க்கிங் எல்லாம் பேசிவிட்டு, பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசல்களிலும் ஏரிக்கரையிலும் படுத்துத் தூங்குகிற ஆட்களைப் பற்றிப் பேச்சை எடுத்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய குடோனைச் சுத்தம் செய்து ராத்திரி தங்குமிடமாகத் திறக்கலாம், பாய், கம்பளி, கழிப்பறை எல்லாம் நாங்களே செய்துகொடுக்கிறோம், உங்களுக்கெல்லாம் சம்மதமா என்று கேட்டார். சங்கச் செயலாளர் மரியதாஸ் என் தொடையில் தட்டி, நீங்க சொல்லுங்க பாய், நீங்க சொன்னாத்தான் எடுபடுமுங்க என்றான். யாராவது அப்படி ஏற்றிவிட்டால் உன் அத்தா எப்படி என்று உனக்குத் தெரியுமே, எழுந்துவிட்டேன். ஏனுங்க மேடம், சனங்க குடும்பத்தோட வர்ற எடமுங்க இது, மார்க்கெட்டுல கொண்டாந்து இதை வெச்சா எங்க பொழப்பு என்னாகறதுங்க, கீழ சேலத்துல பெரிய எடமா இருக்குது, அங்க வெச்சு நல்லாப் பாத்துக்குங்க, உங்களுக்கும் புண்ணியம் எங்களுக்கும் புண்ணியம் என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பெண் சரிங்க என்று நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அன்று நோன்பு திறக்கும்போது நான் பேசியதை அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டினேன். கேட்டுவிட்டு, அப்ப நம்ம சபூரா எங்கீங்க போவா என்றாள். அவளை யாரு சொன்னா, ஏரிக்கரையில குடிச்சுட்டுக் கெடக்கறவங்களைச் சொன்னேன் என்றேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சபூராவை நீ பார்த்திருக்கிறாய், போன தடவை வந்தபோது ஷிரினைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தாளே, அவள்தான். வாழவந்தியில் வாடகை அறையில் இருந்தவள். புருஷன் மௌத்தானார், அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் அறைக்குச் சொந்தக்காரர் அதை டூரிஸ்டுகளுக்கு விடுகிற ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார். இந்த மலையில் இப்போதெல்லாம் அறை என்றால் நாள் வாடகைக்குத்தான், மாச வாடகைக்குக் கேட்டால் சிரிக்கிறார்கள். பகலில் நம் கடையில் மிளகும் காப்பிக்கொட்டையும் புடைப்பாள், ராத்திரி நம் ஷட்டருக்கு முன்னால் சாக்கை விரித்துப் படுப்பாள். எனக்கு ஊடு எதுக்குங்க அண்ணே, உங்க கடைக்கும் காவலாச்சு என்பாள். மூன்று வருஷமாக அவளுக்கு நான் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நடந்த அடுத்த வாரம், சஹர் சாப்பாடு முடித்து, விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கடைப் பக்கம் வந்தேன். பனி விலகவில்லை. நம் வாசலில், ஆட்களைச் சேலத்துக் காப்பகத்துக்கு ஏற்றிப்போகும் வேன் நின்றது, உள்ளே ஏழெட்டுப் பேர் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். சுகாதார மேஸ்திரி விஜயகுமார் சபூராவை எழுப்பி நிறுத்தியிருந்தான். என்னைப் பார்த்ததும், பாய், இந்தம்மா உங்க கடை ஆளுங்களா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் உட்டுட்டுப் போயிடறேனுங்க என்றான். நல்ல மனுஷன், எனக்கு வழி விட்டான். பக்கத்தில் மரியதாஸ் டீ டம்ளரோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரைக் கூட்டி வைத்து அப்படிப் பேசியவன் கடை வாசலிலேயே ஒரு ஆள் என்று நாளைக்குச் சங்கத்தில் சிரிப்பார்களே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. கடை ஆளெல்லாம் இல்லீங்க, ராத்திரியில வந்து படுத்துக்கும், அவ்வளவுதான் என்றேன். ஆட்டையும் மாட்டையும் சொல்வது போலச் சொன்னேன் சுமையா, அவள் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாக்கை உதறி மடித்து நம் ஷட்டர் ஓரமாக வைத்தாள், பையை எடுத்துக்கொண்டு தானாகவே போய் வேனில் ஏறினாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நான் போறதுக்குள்ள வேன் போயிருச்சு என்றேன். நோன்பு வைத்த வாயால் சொன்ன பொய். அவள் அழுதுவிட்டு எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள்.

அதற்குப் பிறகு ஊர் நான் கேட்டபடி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நீள பெஞ்சுகளை எடுத்துவிட்டு இடையில் கம்பி வைத்த இருக்கைகளைப் போட்டார்கள், உட்காரலாம், படுக்க முடியாது. கடை வாசலில் பூந்தொட்டி வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். சபூரா படுத்துவந்த இடத்தில் இப்போது மூன்று தொட்டி இருக்கிறது, டூரிஸ்டுகள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். குடோன் பூட்டு அப்படியே தொங்குகிறது. டப்ளினில் கடை வாசல்களில் ஆட்கள் குளிரில் சுருண்டு படுத்திருக்கிறார்கள் என்று நீ வருத்தப்பட்டபோது, பணக்கார நாடுன்னு பேரு, எங்க ஊருல வந்து பாரு என்று நான் பெருமையடித்தேனே, அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா பித்ரா அரிசியை அளந்து பையில் கட்டினாள். பெருநாள் தொழுகைக்கு முன்னால் இல்லாதவர் கையில் சேர்ந்துவிட வேண்டிய அரிசி. கட்டிவிட்டு, யாருக்குங்க குடுக்கறது என்றாள். பள்ளிவாசலிலும் அதே பேச்சு, அரிசி மூட்டையாகச் சேர்ந்திருக்கிறது, வாங்க வருகிற முகங்களைக் காணோம். ஏன் காணோம் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் வண்டி பிடித்துச் சேலத்துக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானது. ஏழைகளை முதலில் கீழே அனுப்பினோம், அவர்களுக்கு உண்டான அரிசியைப் பின்னாலேயே அனுப்பினோம். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம ஊட்டு பித்ரா சபூரா கைக்குத்தான் போகோணும், அவ எங்க இருக்கான்னு கேட்டுட்டு வாங்க என்று பிடிவாதமாக நின்றாள். விஜயகுமாரைத் தேடிப் போய்க் கேட்டேன். காப்பகத்துல பொம்பளைங்க பக்கம் நெறஞ்சு போச்சுன்னு வழியிலயே போன் வந்துருச்சுங்க பாய், எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு அந்தம்மா குப்பனூர்லயே எறங்கிக்கிச்சு, நானும் உட்டுட்டேனுங்க என்றான். சொல்லும்போது அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, அரிசிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்கினோம். அவளுக்கு அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ராத்திரிப் படுக்கை அந்தக் கடையின் விறகுக் கொட்டகையில். அந்த நிலையிலும் நோன்பை விடவில்லை. அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே, இவரு கொஞ்சம் முன்னாடி போயிருந்தா உன்னை ஏத்தவே உட்டிருக்க மாட்டாரு சபூரா, அதை நெனச்சு நெனச்சு நொம்ப வேதனைப்படறாரு என்றாள். சபூரா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, ஆமாங்க அக்கா, அண்ணன் அப்ப அங்க இல்லீங்க, இருந்திருந்தா உட்டிருப்பாருங்களா என்றாள்.

அவள் என்னைக் கண்டபடி திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என் பெண்டாட்டி முன்னால் என் மானத்தைக் காப்பாற்றினாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், நின்றுகொண்டே இருந்தேன். அம்மா கடைக்காரரிடம் ஏதோ பேசப் போனதும், அண்ணே, அக்கா மேல வந்துருன்னு சொல்றாங்க, வந்தா எங்கீங்க படுக்கறது என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். பாத்துக்கலாம் சபூரா என்றேன். சரிங்க என்று அரிசியை வாங்கி வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் அம்மா பின்னால் உட்கார்ந்து, உங்க மேல அவளுக்கு எத்தனை நம்பிக்கை பாத்தீங்களா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெருநாளன்று வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரும் புதன்கிழமை மறுபடி கூட்டம் இருக்கிறது. அந்தக் குடோனைத் திறங்க மேடம், அன்னைக்கு நான் பேசினது தப்பு என்று சொல்லப் போகிறேன். மரியதாஸ் சிரிப்பான், பாதிப் பேர் என் கடைப் பக்கம் வராமல் போவார்கள், போகட்டும். குடோன் திறக்கிற வரைக்கும் சபூராவைக் கடை மாடியில் தங்கவைக்க நினைக்கிறேன். அந்த அறையில் அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருக்கிறது. மூன்று வருஷம் அவள் கீழே பனியில் படுத்திருந்தாள், மேலே பெட்டிகள் காய்ந்த தரையில் இருந்தன, ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இப்போதே கூட்டிவந்தால் தினமும் அம்மா முன்னால் அவள் எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும். மாடி அறைக்கு அதை வாடகையாக வாங்குகிறவன் ஆகிவிடுவேன். உன்னிடம் சொன்னால் பாரம் இறங்கும் என்று ஆரம்பித்தேன், இறங்கவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நீ இல்லை என்று எழுத எழுதத் தெரிந்துவிட்டது.

நைட் டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ஷிரினின் உயரத்தை அளந்து சொல், அம்மா பாவாடை தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறாள், மறந்துவிடாதே. மாப்பிள்ளைக்கு என் சலாம். வேறு புத்தி சொல்ல இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும், என்னைவிட நல்ல மனசையும் தரட்டும்.

நீ திருச்சி ஹாஸ்டலில் இருந்தபோது நான் எழுதும் கடிதத்துக்கு அடியில் அம்மா நாலு வரி சேர்ப்பாளே, மேலே இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் சேர்ப்பாள். இதிலும் கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன். காகிதத்தையும் பேனாவையும் இப்போது அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். இடம் காலியாகவே உன்னிடம் வந்து சேர்ந்தால் அம்மாவைத் தப்பாக நினைக்காதே.

உன் அத்தா,
ஷேக் தாவூத்