நாலாம் நம்பர் பூட்ஸ்

ஆம்பூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஹேமலதாவுக்கு,

உன் பூவரசன் எழுதுவது. நானும் மகள் ஜோதியும் சுகம். கடிதத்தைப் பிரிக்கும்முன் பெட்டியைத் திறந்திருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா? போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் முழுக்கக் கேட்டாக வேண்டும்.

டெல்லியில் சுரங்கத் துறை முன்னோடிகளைக் கௌரவிக்கும் விழாவுக்கு உன் பெயரும் வந்திருக்கிறது. நீயோ, "அத்தனை பெரியவங்க பக்கத்துல நிக்க நான் இன்னா செஞ்சுட்டேன்? வரலைன்னு எழுதிடப்போறேன்" என்றாய். அன்றிலிருந்து எனக்கு ஒரே பேஜார். பெண்கள் கீழே இறங்கலாம் என்று சட்டம் வந்ததும் உங்கள் சுரங்கத்தில் முதலில் இறங்கிய பெண் யார்? போன மழையில் தண்ணீர் புகுந்தபோது நாற்பத்திரண்டு பேரை மேலே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்த மேனேஜர் யார்?

மூன்று வருஷம் முன்பு லீவில் வந்தாய். குதிகால் இரண்டும் புண். அங்கே ஆண்கள் அளவுதான் கிடைக்கிறது என்று உன் நாலாம் நம்பர் காலுக்கு ஏழாம் நம்பர் பூட்ஸில் துணி அடைத்துப் போட்டு நடந்திருக்கிறாய். ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான், என் பெண்டாட்டி காலுக்கு ஒரு ஜோடி இல்லை. அந்த வெட்கத்தில்தான் வேலையை விட்டுவிடு என்று கத்தினேன். நீ பெட்டி கட்டினாய்.

நீ விட்டுப்போன செருப்பை அளவுக்காக சாம்பிள் ரூமுக்கு எடுத்துப் போனேன். ஆண் பூட்ஸையே சின்னதாக்கித் தைத்து அனுப்பினேன். குதிகால் வழுக்குகிறது என்று திருப்பி அனுப்பினாய். பெண்ணுக்குக் குதிகால் ஒடுக்கம் என்பது, ஆம்பளை பூட்ஸே வெட்டிப் பழகிய இந்த மடையனுக்குத் தோன்றவில்லை. அப்புறம் தோலை இழுத்துத் தைக்கும் அச்சுக்கட்டையையே உன் காலுக்குப் புதிதாகச் செதுக்கினோம். ஆறு ஜோடி வீணாகி, ஏழாவது உன் அளவுக்குச் சரியாக வந்தது; கம்பெனி அதையே சாம்பிளாகச் சுரங்கங்களுக்குக் காட்டியது.

இப்போது கேள். நாலு சுரங்கங்களிலிருந்து பெண்களுக்கென்றே எழுநூறு ஜோடி ஆர்டர் வந்திருக்கிறது! சூப்பர்வைசர் நிசார் அஹமது பாய் லைனையே நிறுத்தி, "பூவரசா, உன் வீட்டம்மா கால்தான் இனிமே நம்ம அளவு" என்றார். பெண்டாட்டி சுரங்கத்தில், புருஷன் அடுப்படியில் என்று சிரித்தவர்களும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. உனக்குப் பின்னால் எழுநூறு பெண்கள் இறங்குகிறார்கள், ஹேமா. என்ன செய்தேன் என்று இனி கேட்காதே.

பெட்டியில் இருப்பது அந்த ஏழாவது ஜோடி. பட்டுப்புடவையே கட்டினாலும் காலில் இதுதான் இருக்க வேண்டும். வேலையை விடு என்று சொன்ன அதே வாயால் கெஞ்சுகிறேன், மேடைக்குப் போ. ஜோதியும் நானும் டெல்லிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. முன்வரிசையில் அவள் போடப்போகும் கூச்சலுக்கு நான் பொறுப்பில்லை.

வழக்கம்போல ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. அது வந்த பிறகுதான் இங்கே இரண்டு பேரும் சாப்பிட உட்காருகிறோம்.

என்றும் உன்,
பூவரசன்